பைப்புக்குள் வயர்களை திணிப்பதால் வரும் ஆபத்து: 'மின்கசிவு' என்ற ஒற்றை வார்த்தைக்கு பின்னால் இருப்பது என்ன?

ஊரப்பாக்கம்:-

ஊரப்பாக்கம் மக்கள் 2022-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி அதிகாலையை இன்னும் மறக்கவில்லை. கோதண்டராமன் நகரில் உள்ள அடுக்குமாடி குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் பிரிட்ஜ் வெடித்து புகை சூழ்ந்தது. தூக்கத்தில் இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. ஒரே குடும்பத்தை சேர்ந்த 3 பேர் மூச்சுத்திணறி பரிதாபமாக இறந்தனர். மேலும் 2 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். வெளிநாட்டில் இருந்து வந்து தங்கி இருந்தவர்கள் அவர்கள். அந்த வீடு அதற்கு முன்பு பல மாதங்களாக பூட்டிக் கிடந்தது.

கூடுவாஞ்சேரி போலீசார் விசாரணை நடத்தினர். மின்கசிவால் பிரிட்ஜ் வெடித்ததாக அப்போது சொல்லப்பட்டது.

இதேபோல 2024-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் பிரிட்ஜ் வெடித்து தீப்பிடித்ததில் பெண்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரியில் ஏற்பட்ட தீ விபத்தில் 6 பேர் பலியானார்கள். இங்கெல்லாம் முதலில் காதில் விழுந்தது மின்சாரக்கோளாறு, மின்கசிவு என்பதுதான்.

அந்த விபத்துகளின் காரணம் எதுவாக இருந்தாலும், நம் வீடுகளை பொறுத்தவரை ஒரு கேள்வி இருக்கிறது. மின்கசிவு, மின்கசிவு என்கிறோமே, உண்மையில் சுவருக்குள் என்னதான் நடக்கிறது?

எல்லாமே கசிவு இல்லை

கரண்ட் போக வேண்டிய வழியை விட்டு இரும்பு பாடியிலோ, ஈரச்சுவரிலோ பாய்ந்தால் அது கசிவு. தொட்டால் ஷாக் அடிப்பது இதனால்தான்.

பேசும் நியூட்ரலும் ஒன்றோடொன்று நேராக உரசினால் அது ஷார்ட் சர்க்யூட். டப்பென்று பொறி பறக்கும், பீஸ் போகும்.

மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் ஓவர்லோடு. வயர் தாங்குவதைவிட அதிகமான கரண்ட் மணிக்கணக்கில் ஓடும். பொறி பறக்காது, சத்தம் வராது, ஷாக்கும் அடிக்காது. வயர் மட்டும் உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மெல்ல மெல்ல காய்ந்து, வெடித்து, உதிரும். ஒரு நாள் 2 வயர்களின் செம்பும் தொட்டுக்கொள்ளும். அன்றைக்கு அது ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். கேஸ் பைலில் 'மின்கசிவு' என்று எழுதப்படும்.

அதாவது கடைசி நாளில் நடந்தது மட்டும் கணக்கில் வருகிறது. அதற்கு முன்பு பல வருடமாக நடந்தது யார் கண்ணிலும் படுவது இல்லை. காரணம், அது பைப்புக்குள் மறைந்து கிடக்கிறது.

வீடு அதேதான், லோடு மாறிப்போச்சு

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கும் ஊரப்பாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். தாம்பரம்-செங்கல்பட்டு மின்சார ரெயில் வசதியால் மனைகள் விற்பனை ஆயின. வீடுகள் வந்தன. பக்கத்தில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி திறக்கப்பட்ட பிறகு வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களும் அதிகம். தனி வீடாக கட்டியவர்கள் மேலே ஒரு மாடி, அதற்கு மேல் ஒரு மாடி என்று எழுப்பி போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வீடு கட்டும்போது 4 டியூப் லைட், 3 பேன், ஒரு டி.வி., ஒரு மிக்சி என்று கணக்கு போட்டு சுவரில் காடி எடுத்து பைப் பதித்தார்கள். இன்றைக்கு அதே வீட்டில் பெட்ரூமுக்கு ஒரு ஏ.சி., பாத்ரூமில் வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், இண்டக்சன் அடுப்பு எல்லாம் வந்துவிட்டன. வாசலில் இ-ஸ்கூட்டர் வேறு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிறது.

2024-ம் ஆண்டு மே 2-ந்தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட் என்ற உச்சத்தை தொட்டது. அந்த கரண்ட் எல்லாம் டிரான்ஸ்பார்மர் தாண்டி, மீட்டர் தாண்டி கடைசியில் போய் சேருவது நம் வீட்டு சுவருக்குள் இருக்கும் விரல் தடிமன் பைப்புக்குள்தான்.

புது ஏ.சி. வாங்கினால் சுவரை மறுபடி உடைக்க யாருக்கும் மனசு வராது. டைல்ஸ் போச்சு, பெயிண்ட் போச்சு என்ற கவலை. அதனால் ஏற்கனவே இருக்கும் பைப்பிலேயே இன்னும் 2 வயரை இழுத்து விடுகிறார்கள். ஸ்பிரிங் விட்டு, சோப்பு தண்ணீர் தடவி, 2 பேர் சேர்ந்து இழுத்து உள்ளே திணிப்பதும் நடக்கிறது. வயர் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

24 ஆம்ப் எப்படி 14 ஆகிறது?

வயரின் பலம் என்பது மாறாத நம்பர் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். இதுபற்றிய விவரம் வருமாறு:-

வீடுகளில் பிளக் பாயிண்டுக்கு பெரும்பாலும் போடுவது '2.5' வயர். அதாவது செம்பின் குறுக்களவு 2.5 சதுர மில்லி மீட்டர். பி.வி.சி. உறை போட்ட இந்த வயர் ஒரு ஜோடி மட்டும் தனியாக ஒரு பைப்புக்குள் போகிறது, சுற்றி இருக்கும் வெப்பம் 30 டிகிரி என்றால் 24 ஆம்ப் வரை தாங்கும். இது சர்வதேச கணக்கு. இந்திய வயரிங் தரநிலையான ஐ.எஸ். 732-ம் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

ஆனால் ஊரப்பாக்கத்தில் 30 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது? சென்னையில் 2003-ம் ஆண்டு மே மாதம் 45 டிகிரியே பதிவாகி இருக்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி என்பது சாதாரணம். சுற்றிலும் 40 டிகிரி இருந்தால் வயரின் பலத்தை 0.87 ஆல் பெருக்க வேண்டும். 45 டிகிரி என்றால் 0.79. வெயில் நேராக அடிக்கும் மொட்டை மாடி தளத்துக்குள் பதித்த பைப் என்றால் 50 டிகிரிக்கு கணக்கு போடலாம். அப்போது 0.71 தான்.

அடுத்தது கூட்டம். ஒரே பைப்பில் லோடு உள்ள 2 சர்க்யூட் போனால் ஒவ்வொன்றின் பலத்தையும் 0.80 ஆல் பெருக்க வேண்டும். 3 சர்க்யூட் என்றால் 0.70. 4 என்றால் 0.65. 6 என்றால் 0.57.

இப்போது கணக்கை போட்டு பாருங்கள். 2.5 வயர். 40 டிகிரி வெயில். ஒரே பைப்பில் 3 சர்க்யூட். 24-ஐ 0.87 ஆல் பெருக்கி, அதை 0.70 ஆல் பெருக்கினால் வருவது 14.6 ஆம்ப். மாடி தளத்துக்குள் போகும் பைப்பாக இருந்தால் 11.9 ஆம்ப். அதாவது சொன்ன பலத்தில் சரிபாதி.

வயர் அதே வயர்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. பெரிய கம்பெனி சரக்குதான். ஆனாலும் பலம் குறைந்துவிட்டது.

கூட்ட நெரிசல் பஸ் மாதிரி

காரணம் ரொம்ப எளிது. கரண்ட் ஓடினால் வயர் சூடாகும். அந்த சூடு வெளியேற வேண்டும். காற்றில் தொங்கும் வயருக்கு காற்றோட்டம் இருக்கிறது. பைப்புக்குள் அது இல்லை. பக்கத்தில் இன்னும் 4 வயர் இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு ஏறும். காலை நேரத்து பஸ்சில் படியில் தொங்குகிறவருக்கு வேர்க்காது, நடுவில் நசுங்கி நிற்கிறவருக்குத்தான் மூச்சு முட்டும். அதுபோலத்தான் இதுவும்.

சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும். அதை தாண்டினால் உடனே உருகி விடாது. ஆனால் ஆயுசு குறையும். அந்த எல்லைக்கு மேல் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்துறையில் பொதுவாக சொல்லும் கணக்கு. 20, 30 வருடம் வர வேண்டிய வயர் சில வருடங்களில் மொறுமொறு என்று உடைவது இதனால்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். கொஞ்சம்தானே கூடுது என்று அலட்சியமாக இருக்க முடியாது.

எப்.ஆர். வயர் போட்டிருக்கிறோம், தீப்பிடிக்காது என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். பிடித்த தீ சுலபமாக பரவாமல் தடுப்பதுதான் எப்.ஆர். உறையின் வேலை. அது வயருக்கு கூடுதல் ஆம்ப் தாங்கும் பலத்தை தராது.

டிரிப் ஆகாததுதான் ஆபத்து

இந்த இடத்தில்தான் பெரிய தப்பு நடக்கிறது. '2.5 வயருக்கு 20 ஆம்ப் எம்.சி.பி.' என்பது பலர் வாய்ப்பாடு மாதிரி வைத்திருக்கும் கணக்கு. வயர் தனி பைப்பில் போகும்வரை இதில் பெரிய பிரச்சினை இல்லை. 3 சர்க்யூட் திணித்த பைப்பில் என்ன ஆகும்?

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 8 ஆம்ப் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே லைனில் லூப் எடுத்து 2 ஆயிரம் வாட்ஸ் வாட்டர் ஹீட்டர். அது 8.7 ஆம்ப். காலையில் வேலைக்கு கிளம்புகிற அவசரத்தில் அயர்ன் பாக்சும் போடுகிறார்கள். ஆயிரம் வாட்ஸ் என்றால் 4.3 ஆம்ப். மொத்தம் 21 ஆம்ப்.

வயர் தாங்குவது 14.6 ஆம்ப். ஓடுவது 21. சூடு இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் 20 ஆம்ப் எம்.சி.பி. விழாது. ஏனென்றால் எம்.சி.பி. எழுதிய நம்பரை தாண்டியதும் டப்பென்று விழும் கருவி இல்லை. 20 ஆம்ப் எம்.சி.பி. 22.6 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். 29 ஆம்ப் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது அதற்கான தர விதி.

எம்.சி.பி. விழவில்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கிறார். பைப்புக்குள் வயர் வெந்துகொண்டு இருக்கிறது.

இதைவிட மோசம் இன்னொன்று. 'அடிக்கடி டிரிப் ஆகுது' என்று சொன்னால் 20-ஐ கழற்றிவிட்டு 32 ஆம்ப் எம்.சி.பி. மாட்டி விடுவது. டிரிப் ஆவது நின்றுவிடும். ஆனால் 14.6 ஆம்ப் தாங்கும் வயரில் 32 ஆம்ப் ஓடினால் சூடு ஏறக்குறைய 5 மடங்கு. பழைய வீடுகளில் பியூஸ் கேரியரில் கட்டுக்கம்பி மாதிரி தடிமனான வயரை கட்டுவதும் இதே கதைதான். காவல்காரனின் கண்ணை கட்டிவிட்டு வீடு பத்திரம் என்று தூங்குவதற்கு சமம்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று கேட்கலாம். அது வேறு வேலைக்கு. 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே லைனை துண்டித்து ஷாக்கில் இருந்து உயிரை காப்பாற்றும். கட்டாயம் வேண்டும். ஆனால் சாதாரண ஆர்.சி.சி.பி. ஓவர்லோடை கண்டுபிடிக்காது. பேசில் போகும் 21 ஆம்ப் நியூட்ரலில் முழுசாக திரும்பி வந்தால் அதன் கணக்கில் எல்லாம் சரி. எனவே வீட்டில் இரண்டும் இருக்க வேண்டும்.

ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் இது உண்டு

நம்ம வீட்டில் ஏ.சி.யே இல்லையே என்று வாடகை வீட்டுக்காரர்கள் ஒதுங்க முடியாது. 4 போர்ஷன் உள்ள வீடுகளில் கீழே மீட்டர் பெட்டியில் இருந்து மேலே போகும் 4 மெயின் லைன்களும் ஒரே பைப்பில் போவது உண்டு. தளத்துக்குள் ஒரே வழி விட்டதால் எல்லாம் அதிலேயே போகும்.

அப்படி 2.5 வயரில் 4 லைன் போனால் 40 டிகிரி வெயிலில் ஒவ்வொன்றும் தாங்குவது 13.6 ஆம்ப் மட்டுமே. ஒரு போர்ஷனில் இண்டக்சன் அடுப்பும் அயர்ன் பாக்சும் ஒன்றாக ஓடினாலே 13 ஆம்ப் ஆகிவிடும். மற்ற 3 போர்ஷனிலும் சமையல் நடக்கும் அதே காலை நேரத்தில்தான் இதுவும் நடக்கிறது. பக்கத்து போர்ஷன் லோடு நம்ம வயரை சூடாக்கும்.

கட்டி பல வருடமான வீடுகளில் நிலைமை இன்னும் கஷ்டம். அங்கே '3/22', '3/20' என்று கேஜ் கணக்கில் வாங்கிய வயர்கள் இருக்கலாம். 3/22 என்பது சுமார் 1.2 சதுர மில்லி மீட்டர்தான். 3/20 என்பது சுமார் 2. இன்றைய 2.5-க்கு இது சமம் இல்லை.

யார் பொறுப்பு?

மீட்டர் வரைக்கும்தான் மின்வாரியம். மீட்டருக்கு அப்பால் உள்ள வயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. புது இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் இருந்து வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு பிறகு 10 வருடம் கழித்து 3 ஏ.சி. மாட்டினால் பைப்பை திறந்து பார்க்க யாரும் வருவது இல்லை. கூடுதல் லோடுக்கு பணம் கட்டி அனுமதி வாங்கினாலும் அது மின்வாரியத்தின் லைனுக்கான கணக்கு. சுவருக்குள் இருக்கும் வயர் அதனால் தடிமன் ஆகிவிடாது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2023-ம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டன. வயரிங் வேலையை உரிமம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் உண்டு. மின் கம்பியாளர் உதவியாளர்களுக்கு தகுதிகாண் தேர்வும் நடத்தப்படுகிறது.

ஆனால் நடைமுறையில் ஏ.சி. மாட்ட வருகிறவரே லைனையும் இழுத்து கொடுத்துவிட்டு போகிறார். ஒரு மணி நேர வேலை. அதில் பைப்புக்குள் எத்தனை சர்க்யூட் போகிறது என்று எண்ணி பார்க்க யாரும் கேட்பதும் இல்லை, அதற்கு தனியாக கூலி கொடுப்பதும் இல்லை. எலக்ட்ரீசியன் மீது மட்டும் பழியை போட்டு பிரயோஜனம் இல்லை. 'ஏம்ப்பா, 4 வயர் எதுக்கு? 2.5 போதாதா?' என்று பேரம் பேசுவது வீட்டுக்காரர்தான்.

என்ன செய்யலாம்?

செலவு அதிகம் இல்லாத வழிகள் இருக்கின்றன.

* ஏ.சி., வாட்டர் ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் டி.பி. பெட்டியில் இருந்து தனி லைன், தனி எம்.சி.பி. இருக்க வேண்டும். பிளக் பாயிண்டில் இருந்து லூப் எடுக்கக்கூடாது.

* சுவரை உடைக்க மனசில்லை என்றால் சுவருக்கு வெளியே தனி பைப் அடிக்கலாம். பார்க்க கொஞ்சம் நன்றாக இருக்காது. ஆனால் கூட்டம் குறையும், வயரின் பலம் திரும்ப வரும்.

* ஒரே பைப்பில்தான் 3 லைன் போயாக வேண்டும் என்றால் 4 சதுர மில்லி மீட்டர் வயர் போட வேண்டும். 40 டிகிரியில் அது சுமார் 19 ஆம்ப் தாங்கும். அதற்கு 16 ஆம்ப் எம்.சி.பி. போதும்.

* எம்.சி.பி. நம்பர், குறைந்துபோன பலத்துக்கும் கீழே இருக்க வேண்டும். வயர் 14.6 தாங்கினால் எம்.சி.பி. 20 கூடாது, 16-ம் கூடாது. 10 தான் போட வேண்டும். அது போதவில்லை என்றால் மாற்ற வேண்டியது வயரை, எம்.சி.பி.யை அல்ல.

* எர்த் வயரை இந்த கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் கரண்ட் ஓடாது. எல்.இ.டி. பல்பு மட்டும் எரியும் லைட் லைனும் பெரிதாக சூடு தராது. எண்ண வேண்டியது பவர் லைன்களைத்தான்.

* பைப் முழுக்க வயரை திணிக்கக்கூடாது. உள்ளே பாதிக்கும் மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். கையால் சுலபமாக இழுக்க முடியவில்லை என்றாலே கூட்டம் அதிகம் என்று அர்த்தம்.

* சுவிட்ச் பெட்டியை தொட்டால் சூடு, பிளக் ஓட்டை பழுப்பு நிறம், மீன் கவிச்சி மாதிரி வாடை, ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் லைட் மங்குவது, அரை மணி நேரம் கழித்து எம்.சி.பி. விழுவது - இதில் எது தெரிந்தாலும் லோடை குறைத்து உடனே உரிமம் உள்ள எலக்ட்ரீசியனை கூப்பிட வேண்டும்.

* பல மாதம் பூட்டி கிடந்த வீட்டுக்கு திரும்பி வந்தால் பிரிட்ஜ், ஏ.சி. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டு தூங்கக்கூடாது. லைனை சோதித்து பார்த்த பிறகே போட வேண்டும்.

புகார் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் 24 மணி நேரமும் சொல்லலாம். தீ என்றால் 101 அல்லது 112. முதலில் மெயினை அணைக்க வேண்டும். கரண்ட் உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புகை வந்தால் குனிந்தபடி வெளியே ஓடிவிட வேண்டும். ஊரப்பாக்கத்தில் அந்த 3 உயிர்களை பறித்தது மூச்சுத்திணறல்தான்.

புது வீடு கட்டுகிறவர்கள் டைல்சுக்கும், மாடுலர் கிச்சனுக்கும் ஆயிரக்கணக்கில் யோசிக்காமல் செலவு செய்கிறார்கள். சுவர் பூசுவதற்கு முன்பு கூடுதலாக 2 பைப் பதிக்க ஆகும் செலவு அதில் ஒரு சின்ன பங்கு கூட வராது. பூசி முடித்த பிறகு அதே வேலைக்கு சுவரை உடைக்க வேண்டும்.

இந்த கோடையிலும் ஏ.சி. கடைகளில் கூட்டம் இருக்கத்தான் போகிறது. தவணை எவ்வளவு, எத்தனை ஸ்டார், வாரண்டி எத்தனை வருடம் என்று 10 கேள்வி கேட்போம். மாட்ட வருகிறவரிடம் பதினோராவதாக ஒன்றை கேட்டால் போதும்: "தம்பி, இந்த பைப்பில் ஏற்கனவே எத்தனை லைன் போகுது?"